விடியற்காலைப் பறவை பார்த்தல், யாழ்ப்பாணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாரி தொடங்கியதிலிருந்து பங்குனி வரை, காலை வேளைகளில் சிறு குழுக்களைக் கூட்டிக்கொண்டு குடாநாட்டுப் பரவைக்கடல் ஓரங்களில் பறவை காட்டி வருகிறேன். வர விரும்பி அழைப்பவர்கள், வீதியில் மறித்து விசாரிப்பவர்கள், வெளிநாட்டிலிருந்து செய்தி அனுப்புபவர்கள் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்ட வாக்கிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில மலையும் இல்லை, பெருங்காடும் இல்லை. பறவை பாக்க என்ன இருக்கு?

ஆழமில்லாத தண்ணீர் இருக்கிறது. யாழ்ப்பாணக் கடல்நீரேரி, வடமராட்சிப் பக்கத்துத் தொண்டைமானாற்று நீரேரி, உப்பாறு என்று குடாநாட்டைச் சுற்றியும் ஊடறுத்தும் பரவைக்கடல் கிடக்கிறது. பல இடங்களில் தண்ணீர் கணுக்கால் அளவுதான். அதன் அடிச்சேற்றில் புழுவும் நத்தையும் சிறு நண்டும் கூனி இறாலும் நிறைந்திருக்கின்றன. நீண்ட காலும் நீண்ட அலகும் உள்ள பறவைக்கு இதைவிட நல்ல சாப்பாட்டு இடம் கிடையாது.

இன்னொன்று, நாங்கள் இருக்கும் இடம். சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் கோடையில் குஞ்சு பொரித்த பறவைகள் குளிருக்குத் தப்பித் தெற்கே வரும் பாதையை மத்திய ஆசியப் பறப்புப் பாதை என்பார்கள். இலங்கை அதன் தென்முனை. இதற்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரை பெருநிலம் எதுவும் இல்லை. இந்தியக் கரையோரமாக இறங்கி வருபவற்றில் பெருந்தொகை பாக்கு நீரிணையைக் கடந்து முதலில் காண்பது மன்னாரையும் எங்கள் கரைகளையும்தான்.

மலைக்காட்டில் பறவையை முதலில் காதால் தேட வேண்டும். பாதி நேரம் இலைக்குள்ளே மறைந்திருக்கும். இங்கே வெட்டவெளி. பறவை எப்படி நடக்கிறது, எப்படித் தின்கிறது, யாரோடு சண்டை பிடிக்கிறது என்று அரை மணித்தியாலம் ஒன்றையே பார்த்துக்கொண்டு நிற்கலாம். முதன்முதலாகப் பறவை பார்க்க வருபவருக்கு மலையைவிட இந்த வெளிதான் நல்லது என்பது என் எண்ணம்.

விடிய எத்தனை மணிக்கு வெளிக்கிடோணும்? ஒரு ஒன்பது, பத்துக்கு வந்தால் காணாதோ?

காணாது. தை மாதத்தில் சூரியன் ஆறரை மணியளவில் எழும். அதற்கு முன்னரே நாங்கள் இடத்தில் நிற்க வேண்டும். ஆகவே யாழ் நகரிலிருந்து ஐந்தரைக்குப் புறப்படுகிறோம். இரவு தங்கிய இடத்திலிருந்து பறவைகள் கூட்டங்கூட்டமாக மேயும் இடத்துக்கு வருவது அந்த முதல் அரை மணித்தியாலத்தில்தான். பிந்தி வந்தால் அந்த வரவைக் காண முடியாது.

ஒன்பது மணிக்குப் பின் தண்ணீருக்கு மேல் கானல் எழும்பும். தொலைநோக்கியில் பார்த்தால் உருவம் நெளியும், நிறம் கரையும். வெறுங்கண்ணுக்கு அது தெரியாது. தூரத்துப் பறவையை இனம் பிரிக்க முயலும்போதுதான் தெரியும். எனவே ஒன்பதரைக்கு முடித்து, பாணும் சம்பலும் சாப்பிட்டுத் திரும்பிவிடுவோம்.

எந்த மாசம் வந்தால் கனக்கப் பாக்கலாம்?

ஐப்பசி முதல் பங்குனி வரை. எங்கள் மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வதால் அப்போது வெளிகளெல்லாம் நிரம்பியிருக்கும். ஊசிவால் வாத்து, நாமத்தலை வாத்து, நீலச்சிறகி போன்ற வாத்துகளுக்கு அது நல்ல காலம். மழை ஓய்ந்து தண்ணீர் மெல்ல வற்றும் தை, மாசியில் சேற்று ஓரங்கள் வெளிப்படும். அப்போதுதான் சிறிதும் பெரிதுமான உள்ளான்கள், நாரைகள், பூநாரைகள் எல்லாம் கரைக்குக் கிட்ட வரும். ஒரே ஒரு காலைதான் உங்களிடம் இருக்கிறதென்றால் தைப்பொங்கலை அடுத்த வாரங்களில் வாருங்கள்.

நாங்கள் கனடாவில இருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வாறம். அப்ப பூநாரை நிக்குமோ?

பெரிய கூட்டத்தை எதிர்பார்க்க வேண்டாம். திருவிழா நடக்கும் ஆடி, ஆவணியில் சோழகம் வீசி முடியும் தறுவாய், பரவைக்கடலில் தண்ணீர் குறைவு. வலசைப் பறவைகளில் சில உள்ளான்கள் மட்டும் ஓகஸ்டிலேயே திரும்பத் தொடங்கும்.

ஆனால் ஊர்ப்பறவைகளைப் பார்க்க அது மோசமான காலமல்ல. நெடுங்கால் உள்ளானும் ஆட்காட்டியும் வெறுந்தரையில் முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கும் பருவம் அது. பனை உழவாரனை எந்த மாதத்திலும் காணலாம். தொங்கும் காய்ந்த பனையோலையின் உட்புறத்தில் எச்சிலால் இறகையும் பஞ்சையும் ஒட்டி, உள்ளங்கையில் அடங்கும் கூடு கட்டும் பறவை அது. காக்கைதீவில் மீன் இறங்கும் நேரம் செம்பருந்துகள் தலைக்கு மேலேயே வட்டமிடும். கோவிலுக்குப் போகுமுன் ஒரு மணித்தியாலம் ஒதுக்கினாலே போதும்.

எங்க எங்க கூட்டிக்கொண்டு போவியள்?

அன்றைய தண்ணீரையும் காற்றையும் பொறுத்தது. வழமையாக முதலில் போவது கல்லுண்டாய் வெளி. யாழ்ப்பாணத்திலிருந்து அராலிக்குப் போகும் வீதியில் காலை நேரம் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும், தண்ணீர் முன்னால் மேற்கே கிடக்கும். பறவையின் மேல் வெளிச்சம் நேராக விழும். மாலையில் அதே இடத்தில் நின்றால் கரிய நிழல்தான் தெரியும். அங்கே குப்பை கொட்டும் இடமும் உண்டு. மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்க வேண்டியிருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

மற்றவை பண்ணைப் பாலம், மண்டைதீவுக் கரை, பொன்னாலையிலிருந்து காரைநகர் செல்லும் தாம்போதி. மரத்தில் அடையும் பறவைகள் வேண்டுமென்றால் தென்மராட்சியில் சரசாலைக் குருவிக்காடு. அது கண்டல் காடு. கொக்கும் நாரையும் அடையும் இடம்.

முழு நாளும் தரக்கூடியவர்களுக்குச் சுண்டிக்குளம். 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2015இல் தேசியப் பூங்காவான இடம். அங்கே போவதற்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் ஒழுங்குகளைப் பின்பற்ற வேண்டும். ஒரு காலைக்குள் போய்வர முயலாதீர்கள், தூரம் கூட.

றோட்டில நிண்டு நாங்களே பாக்கலாம்தானே, வழிகாட்டி என்னத்துக்கு?

தாராளமாகப் பார்க்கலாம். ஊர்க்காரர்கள் அப்படித் தாங்களாகவே பார்க்கத் தொடங்க வேண்டும் என்பதுதான் என் விருப்பமும்.

வழிகாட்டி தருவது மூன்று விடயங்கள். முதலாவது, இன்று எங்கே நிற்பது என்பது. எங்கள் பரவைக்கடலில் வற்றுப்பெருக்கின் உயரம் சிறிது. ஆனால் தரை அவ்வளவு தட்டை என்பதால் ஒரு சாண் தண்ணீர் இறங்கினாலே பரந்த சேறு தெரியும். வாடைக்காற்று இரண்டு நாள் விடாமல் அடித்தால் தண்ணீர் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஒதுங்கும். நேற்றுப் பறவை நின்ற இடம் இன்று வெறுமையாயிருக்கும். இதை நாள்தோறும் பார்ப்பவருக்கே ஊகிக்க முடியும். இரண்டாவது, தாங்கியில் பூட்டிய பெரிய தொலைநோக்கி. மூன்றாவது, எந்தத் தூரத்தில் நிற்க வேண்டும் என்ற கணிப்பு. இந்த மூன்றாவதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன். மூன்றிலும் அதுதான் முக்கியம்.

பைனாகுலர் இல்லை. புதுசா வாங்கோணுமோ? வேறை என்ன கொண்டு வாறது?

முதல் முறைக்கு வாங்க வேண்டாம், என்னிடம் இரவல் உண்டு. பிறகு வாங்குவதென்றால் 8×42 என்று எழுதியதைப் பாருங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீற்றரில். 10, 12 மடங்கு என்றால் நல்லது என்று நினைத்து வாங்குகிறார்கள். மடங்கு கூடக் கூடக் கைநடுக்கமும் கூடும், பார்வைப் பரப்பும் ஒடுங்கும். விடியற்கால மங்கலில் 8×42 நன்றாக உதவும்.

தொப்பி, தண்ணீர்ப் போத்தல், சேறு பட்டாலும் பரவாயில்லை என்ற சப்பாத்து. பளிச்சென்ற வெள்ளையும் சிவப்பும் தவிர்த்து மங்கலான நிற உடுப்பு. வாசனைத் திரவியத்தைப் பறவைகள் பெரிதுபடுத்துவதில்லை. நுளம்புக்கு மருந்து பூசிக்கொண்டு வாருங்கள்.

சின்னப்பிள்ளையளையும் அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு வரலாமோ?

கூட்டி வாருங்கள். ஏற்றம் இறக்கம் இல்லை, நடையும் அதிகமில்லை. வாகனத்திலிருந்து இறங்கி வீதியோரத்திலேயே நிற்பதுதான் பெரும்பாலும். மடிக்கும் கதிரைகள் இரண்டு எப்போதும் கொண்டுவருவேன். பிள்ளைகளைப் பொறுத்தவரை ஒரு நிபந்தனைதான்: கல் எடுக்கக் கூடாது.

வயதானவர்களைச் சேர்த்துக்கொள்ள எனக்குத் தனி விருப்பம். எந்தக் குளத்தில் முன்பு எது வந்தது, எந்த மரத்தில் அடைந்தது என்று அவர்கள் சொல்வது வேறெங்கும் எழுதிவைக்கப்படவில்லை.

பூநாரை கட்டாயம் காட்டுவியளோ? அதைப் பாக்கத்தான் வாறம்.

உறுதி தர மாட்டேன். அவை இங்கே கூடு கட்டித் தங்குபவை அல்ல, தீனியைத் தேடி இடம் மாறுபவை. இந்தியாவில் அவை பெருந்தொகையாகக் குஞ்சு பொரிக்கும் இடம் குஜராத்தின் கச்சுப் பாலைநிலம். ஆனையிறவிலும் மண்டைதீவிலும் இன்று நின்ற கூட்டம் நாளை மன்னாருக்குப் போயிருக்கலாம்.

கண்டால் அவசரப்பட்டுப் படம் எடுக்காமல் தலையைக் கவனியுங்கள். அலகைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் வைத்து, கழுத்தை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு நடக்கும். நாக்கு பம்பியைப் போலத் தண்ணீரை இழுத்துத் தள்ள, அலகின் ஓரத்திலுள்ள சீப்புப் பற்கள் சிறு உயிர்களை வடித்துக்கொள்ளும். அந்தத் தீனியில் இருக்கும் நிறப்பொருளால்தான் இறகு சிவக்கிறது. சாம்பல் நிறமாக நிற்பவற்றை வேறு இனம் என்று நினைக்க வேண்டாம், அவை இளசுகள். நன்றாகச் சிவக்க அவற்றுக்குச் சில வருடங்கள் எடுக்கும்.

இவ்வளவு தூரம் வந்திட்டம். கொஞ்சம் கிட்டப் போய்ப் படம் எடுத்தால் என்ன?

இந்தக் கேள்விக்குத்தான் நான் ஒருபோதும் விட்டுக்கொடுப்பதில்லை.

சின்ன உள்ளான் ஒன்றின் நிறை ஏறத்தாழ 25 கிராம். அது துருவப் பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து இங்கே வந்து, உடம்பில் எரிந்துபோன கொழுப்பைத் திரும்பச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. மாசி, பங்குனியில் திரும்பிப் போவதற்கான கொழுப்பைச் சேர்க்கிறது. நீங்கள் ஒருமுறை எழுப்பினால் பறக்கும் செலவு, அமரும் வரை தின்னாத நேரம் இரண்டும் நட்டம். நீங்கள் ஒருவர் எழுப்பி, அடுத்தவர் எழுப்பி, பிறகு ஒரு நாய் எழுப்பினால் அந்தக் காலை முழுவதும் அதற்குப் போய்விடும். பூநாரைக்கு இன்னும் கடினம். அந்தப் பெரிய உடம்போடு தண்ணீரில் பல அடி ஓடித்தான் அது எழும்ப முடியும்.

எவ்வளவு தூரம் என்று மீற்றர் கணக்குச் சொல்ல முடியாது, பறவைதான் சொல்லும். குனிந்து மேய்ந்தவை ஒன்றன்பின் ஒன்றாகத் தலையை நிமிர்த்தினால் அது முதல் அறிகுறி. மேய்வதை நிறுத்தி எல்லாம் ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் நீங்கள் ஏற்கனவே அளவைத் தாண்டிவிட்டீர்கள். அப்படியே நின்று, மெல்லப் பின்னால் வாருங்கள். ஆட்காட்டி கத்தத் தொடங்கினால் அக்கம்பக்கம் முழுவதற்கும் செய்தி போய்விட்டது. ஆடி, ஆவணியில் அது உங்கள் தலைக்கு மேலேயே சுற்றிச் சுற்றிக் கத்தினால் காலடியைப் பாருங்கள். கூழாங்கல்லோடு கல்லாக முட்டை கிடக்கலாம், வழமையாக நான்கு.

படம் வேண்டுமென்றால் வாகனத்துக்குள் இருந்தபடியே எடுங்கள். மனிதன் இறங்கினால் எழும்பும் பறவை, நிறுத்திய வாகனத்தைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும்.

ட்ரோன் விட்டு மேலால எடுத்தால் பறவைக்கு ஒண்டும் செய்யாதுதானே?

செய்யும். நீர்ப்பறவைக்கு மேலேயிருந்து வருவதெல்லாம் பருந்துதான். முழுக் கூட்டமும் ஒரேயடியாக எழும்பும். மேலும் ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளுக்கு உட்பட வேண்டும், பாதுகாப்பு முகாம்களும் அருகருகே இருக்கின்றன. என்னோடு வரும்போது ட்ரோன் வேண்டாம். சாதாரணக் கமெராவிலும் முகாம், சோதனைச்சாவடி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன்ல மெர்லின் ஆப் இருக்கு. அதுல குரலைப் போட்டுப் பறவையைக் கூப்பிடலாமா?

சென்னையிலிருந்து வந்த ஒரு தம்பி கேட்டது. குரலைக் கேட்டு இன்னதென்று அறிய அந்தச் செயலியைப் பயன்படுத்துங்கள், நல்ல உதவி. ஆனால் ஒலிக்கவிட வேண்டாம். தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டான் என்று நினைத்துத்தான் பறவை அந்தக் குரலுக்கு வருகிறது. மேலே எழுப்புவது பற்றிச் சொன்ன கணக்கு இதற்கும் பொருந்தும்.

ஆறுமணிக்குருவிக்கு எந்தச் செயலியும் தேவையில்லை. ஒக்டோபரில் வந்து சேர்ந்த பின், விடியலிலும் பொழுதுபடும் நேரத்திலும் வளவின் பற்றைக்குள்ளிருந்து அதுவே இரட்டைச் சீழ்க்கை அடிக்கும்.

சேத்துல நிக்கிற சாம்பல் குருவி எல்லாம் ஒரே மாதிரிக் கிடக்கு. எப்பிடிப் பிரிக்கிறது?

நிறத்தை மறந்துவிடுங்கள். மாரியில் அவை எல்லாமே மண்ணிறமும் சாம்பலும்தான். முதலில் அலகைப் பாருங்கள்: நேரா, கீழே வளைந்ததா, மேலே வளைந்ததா? தலையின் நீளத்தை விடக் குறுகியதா, நீண்டதா? பிறகு நடையைப் பாருங்கள். சில அடி ஓடி, சட்டென்று நின்று, ஒன்றைக் கொத்தி, மறுபடி ஓடுவது உப்புக்கொத்தி வகை. கண்ணால் இரை தேடுபவை. நிற்காமல் தலையைக் குனிந்தபடி சேற்றில் குத்திக்கொண்டே போவது உள்ளான் வகை. அலகு நுனியின் தொடுவுணர்வால் தேடுபவை. நேரான நீண்ட அலகை வேரோடு சேற்றில் செலுத்தி, முகம் நனைய நிற்பது கருவால் மூக்கன். பறக்கும்போது சிறகில் வெள்ளைப் பட்டையும் வாலில் கறுப்புப் பட்டையும் தெரியும்.

முதல் நாளில் இந்த மூன்றையும் பிரித்தாலே போதும்.

இலங்கைக்கே உரிய பறவை இங்க எத்தினை பாக்கலாம்? கொழும்பில இருந்து வாறம்.

அதற்காக என்றால் யாழ்ப்பாணம் வராதீர்கள். நாட்டுக்கே உரிய இனங்கள் பெரும்பாலும் ஈரவலயக் காடுகளிலும் மலைநாட்டிலும்தான், சிங்கராஜவிலும் நுவரெலியாவிலும் தேடுங்கள். ஆனால் தெற்கில் எளிதில் காண முடியாத இரண்டு இங்கே வீதியோரத்திலேயே நிற்கும்: பிளந்த வால் கரிக்குருவியும் கௌதாரியும். தீவுப்பக்கம் அதிர்ஷ்டம் இருந்தால் நண்டு தின்னும் கறுப்பு வெள்ளை உள்ளானையும் காணலாம்.

மிதிவெடிப் பயம் இல்லையோ?

நாங்கள் நிற்கும் வீதியோரங்களில் இல்லை. ஆனால் முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை நெடுங்காலமாக நடந்துவருகிறது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் அதற்கு அப்பால் ஓர் அடியும் வைக்கக் கூடாது. பலகை இல்லாவிட்டாலும் தேய்ந்த பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்க வேண்டாம். பளைக்கு அப்பால் போகும் நாட்களில், இயற்கைக் கடனுக்கென்றாலும் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

எங்கட அப்பு காலத்தில கொக்கும் உள்ளானும் பிடிச்சுச் சாப்பிட்டவை. இப்ப என்ன குற்றம்?

அப்போதும் சட்டம் இருந்தது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் ஒரு சில இனங்கள் நீங்கலாகப் பறவைகளைக் காக்கிறது. பிடிப்பது, கொல்வது மட்டுமல்ல, கூட்டைக் கலைப்பதும் முட்டையை எடுப்பதும் குற்றம். பஞ்ச காலத்தில் பசிக்குப் பிடித்தவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். இன்று வலை கட்டுபவர்கள் பசிக்குக் கட்டுவதில்லை.

வெறும் சேத்து நிலம்தானே, மண்டைதீவில மைதானம் கட்டினால் ஊருக்கு நல்லதில்லையோ?

2025 செப்டெம்பர் 1ஆம் திகதி அங்கே சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. எங்கள் பிள்ளைகளுக்கு மைதானம் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த இடத்தைப் பற்றிக் கவலை உண்டு, அதை ஒளிக்கப் போவதில்லை. முதல் கேள்வியில் சொன்ன தீனிச் சேறு ஒருமுறை மண் போட்டு நிரவினால் மீளாது. மழைத்தண்ணீர் வடிந்து நிற்கும் இடமும் அதுதான். எங்கே எவ்வளவு நிரப்புவது, இராவிளக்கு எந்தப் பக்கம் விழும், மாரியில் தண்ணீர் எந்த வழியால் போகும் என்று இப்போதே கேட்க வேண்டும். வெள்ளம் வந்த பிறகு கேட்டுப் பலனில்லை.

பாத்ததை எழுதி வைச்சால் ஏதும் பிரயோசனம் உண்டோ?

நிறைய உண்டு. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. பல நாடுகளில் ஒரே காலத்தில் எண்ணுவதால்தான் ஓர் இனம் குறைகிறதா, இடம் மாறியிருக்கிறதா என்று பிரித்தறிய முடிகிறது. போர்க்காலத்தில் வடக்கில் எண்ண முடியாமற்போன வருடங்கள் பல. எனவே இன்று எங்கள் பகுதியின் ஒவ்வொரு பதிவுக்கும் பெறுமதி கூட.

திகதி, நேரம், இடம், இனம், எத்தனை. இவ்வளவும் போதும். அப்பியாசக் கொப்பியில் எழுதினாலும் சரி, ஈபேர்ட் செயலியில் பதிந்தாலும் சரி. பெரிய கூட்டமென்றால் பத்தைக் கண்ணால் எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, அதே அளவை முழுக் கூட்டத்தின் மேலும் நகர்த்திக் கணக்கிடுங்கள். பெயர் தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள், ஊகித்து எழுதிய பெயர் பின்னால் வருபவரைக் குழப்பும். ஜனவரிக் கணக்கெடுப்பில் என்னோடு சேர விரும்புபவர்கள் மார்கழி நடுப்பகுதிக்குள் சொல்லிவிடுங்கள். அதற்கு முன் இரண்டு காலைகள் எண்ணிப் பழக வேண்டும்.